வளமற்ற நிலத்தின் செல்வம்: சேஷாசல மலையின் பூச்சியுண்ணும் செடிகள்

நாட்டின் நிலங்களைக் கணக்கெடுக்கும்போது நன்செய், புன்செய், காடு, மேய்ச்சல் நிலம் என்று வகைப்படுத்திய பின்னர், எஞ்சியதைத் தரிசு என்று எழுதிவைப்பது நெடுங்கால வழக்கம். 1985ஆம் ஆண்டில் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்ட பின்னர், இத்தகைய நிலங்களைப் பயனுள்ளவையாக மாற்றும் முயற்சி வேகம் பெற்றது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தயாரிக்கப்படும் இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் பாறையும் கல்லும் நிறைந்த நிலம் ஒரு தனி வகையாகவே இடம்பெற்றுள்ளது. மண்ணில் சத்தில்லை, உழ முடியாது, விளைச்சல் கிடையாது. ஆகவே அதைத் தரிசு என்று அழைப்பதில் வியப்பில்லை.

ஆனால் சத்தில்லாத மண்ணையே தனக்கு உகந்த இடமாகக் கொண்டு வாழும் உயிர்களும் உண்டு. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரங்களில், சேஷாசல மலைத் தொடரின் ஈரப் பாறைச் சரிவுகளில் காணப்படும் டிரோசிரா என்னும் பூச்சியுண்ணும் செடி அத்தகையது. மண் தர மறுப்பதை அது காற்றில் பறந்து வரும் பூச்சிகளிடமிருந்து பெறுகிறது. நிலத்தை வளப்படுத்தினால் இச்செடி செழிப்பதில்லை, மாறாக, மறைந்துபோகிறது. நில மேம்பாட்டுப் பணியில் ஈடுபட்டிருப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இதுவாகும்.

செடியின் தோற்றம்

டிரோசிரா இனங்களில் டிரோசிரா பர்மானி, டிரோசிரா இண்டிகா ஆகிய இரண்டும் சித்தூர் பகுதியில் பதிவாகியுள்ளன. சித்தூர் மாவட்டம் பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த காலத்தில் காம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரத் தொகுதியிலும் இவ்விரு இனங்களும் விவரிக்கப்பட்டுள்ளன.

டிரோசிரா பர்மானி மிகச் சிறிய செடி. ஆப்பு வடிவ இலைகள் தரையோடு தரையாக வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். முழுச் செடியும் பெரும்பாலும் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே இருக்கும். இலைகள் முதலில் பசுமையாகவும், நல்ல வெயிலில் செந்நிறமாகவும் தோன்றும். நடுவிலிருந்து மெல்லிய பூந்தண்டு ஒன்றோ சிலவோ நிமிர்ந்து எழும்; ஒரு விரல் நீளம் முதல் ஏறத்தாழ ஒரு சாண் உயரம் வரை வளரும். ஐந்து இதழ்களைக் கொண்ட வெண்ணிறப் பூக்கள் அத்தண்டில் ஒன்றன் பின் ஒன்றாக மலரும்.

டிரோசிரா இண்டிகாவின் தோற்றம் வேறு. அது நிமிர்ந்து வளரும் தண்டுடையது. நூல் போன்ற நீண்ட இலைகள் தண்டின் பக்கங்களில் அமைந்திருக்கும். இளம் இலைகள் பெரணியின் துளிரைப் போலச் சுருண்டிருந்து பின்னர் விரியும். பூக்கள் இளஞ்சிவப்பு நிறமாகவோ வெண்மையாகவோ இருக்கும். லின்னேயஸ் 1753ஆம் ஆண்டிலேயே இதற்கு இந்தியாவின் பெயரைச் சூட்டினார். மற்றொன்றின் பெயர், இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737இல் நூல் வெளியிட்ட டச்சுத் தாவரவியலார் யோகான்னஸ் பர்மனை நினைவுகூர்வது. 1794இல் வால் என்பவர் அப்பெயரை இட்டார்.

இரண்டும் ஓராண்டுச் செடிகள். மழை பெய்து பாறையிடுக்குகளில் ஈரம் ஊறிய பின்னர் விதை முளைக்கிறது. ஈரம் நிலைத்திருக்கும் சில மாதங்களுக்குள் செடி வளர்ந்து, பூத்து, தூள் போன்ற விதைகளை உதிர்த்துவிடுகிறது. கோடை வந்ததும் செடி கருகி மறைந்துவிடும். அடுத்த மழை வரை அதன் வாழ்வு மண்ணில் கிடக்கும் விதைகளில் மட்டுமே இருக்கிறது.

பூச்சியைப் பிடிக்கும் முறை

டிரோசிராவின் இலை மீது நுனி பருத்த சிவந்த இழைகள் பல நிற்கின்றன. ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு சுரப்பி உண்டு. அது சுரக்கும் பசைநீர் வெயிலில் பனித்துளி போல மின்னும். சூரியன் ஏறிய பின்னும் காயாத இந்தத் துளிகளே செடிக்கு அப்பெயரைத் தந்தன. பனித்துளி படர்ந்தது என்னும் பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து டிரோசிரா என்னும் பெயர் பிறந்தது.

இலையில் வந்து அமரும் கொசு, சிறு ஈ, எறும்பு போன்றவை பசையில் ஒட்டிக்கொள்கின்றன. விடுபட முயலும்போது மேலும் பல இழைகளைத் தொடுகின்றன. அந்த அசைவை உணர்ந்த இழைகள் பூச்சியின் பக்கமாக வளைகின்றன. டிரோசிரா பர்மானியின் இலை விளிம்பில் பசையற்ற நீண்ட இழைகள் தனியே உள்ளன. இவை தொடப்பட்ட சில நொடிகளுக்குள் உள்நோக்கி மடங்கி, விளிம்பில் அமர்ந்த பூச்சியை இலையின் நடுப்பகுதிக்குத் தள்ளிவிடும். இக்குடும்பத்தில் மிக விரைவாக இயங்கும் இனங்களில் இதுவும் ஒன்று.

பின்னர் சுரப்பிகளிலிருந்து அமிலமும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் வெளிப்படுகின்றன. பூச்சியின் மென்பகுதிகள் கரைந்து, அவற்றிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் இலை வழியே உறிஞ்சப்படுகின்றன. எஞ்சிய கூடு காற்றிலோ மழையிலோ உதிர்ந்துவிடும்.

இதைக் கொண்டு இச்செடி பூச்சியை மட்டும் உண்டு வாழ்கிறது என்று கருதுவது தவறு. பிற செடிகளைப் போலவே இதுவும் பச்சையம் உடையது; கதிரவன் ஒளியில் தன் மாவுச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பூச்சியிலிருந்து பெறுவது எரிபொருளன்று, உரமேயாகும். சார்லஸ் டார்வின் 1875ஆம் ஆண்டில் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றி வெளியிட்ட நூலில், நைட்ரஜன் கொண்ட பொருள்களையும் அது இல்லாத பொருள்களையும் இலைகள் வேறுபடுத்தி உணர்வதைச் சோதனைகளால் விளக்கினார். அவருடைய மகன் பிரான்சிஸ் டார்வின் 1878இல், இறைச்சித் துணுக்கு ஊட்டப்பட்ட செடிகள் ஊட்டப்படாதவற்றைவிட மிகுதியான விதைகளைத் தந்தன என்று காட்டினார்.

வரவும் செலவும்

பூச்சி பிடிப்பது இவ்வளவு பயன் தருமெனில், எல்லாச் செடிகளும் ஏன் அவ்வாறு செய்வதில்லை? பொருளியல் மாணவர் எளிதில் புரிந்துகொள்ளக் கூடிய விடையை அமெரிக்கத் தாவரவியலார் தாமஸ் கிவ்னிஷும் அவருடைய சகாக்களும் 1984இல் முன்வைத்தனர். அவர்கள் செடியின் வாழ்வை ஒரு வரவு செலவுக் கணக்காகவே ஆராய்ந்தனர்.

பசையும் நொதியும் சுரப்பி இழைகளும் உண்டாக்குவதற்குச் செடி தன் உற்பத்தியில் ஒரு பகுதியைச் செலவிட வேண்டும். பூச்சி பிடிக்கும் வடிவில் அமைந்த இலை, ஒளியைப் பெறுவதில் சாதாரண இலையைவிடத் திறன் குறைந்தது. இது செலவுப் பக்கம். கிடைக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வரவுப் பக்கம். மூன்று நிபந்தனைகள் ஒருங்கே அமைந்தால்தான் வரவு செலவை மிஞ்சும். முதலாவதாக, நல்ல வெயில் இருக்க வேண்டும். நிழலில் கூடுதல் சத்துக் கிடைத்தாலும் அதைக் கொண்டு உற்பத்தியைப் பெருக்க இயலாது. இரண்டாவதாக, தொடர்ந்து ஈரம் இருக்க வேண்டும். நீரில்லாத இடத்தில் பசை சுரப்பது வீண் செலவு. மூன்றாவதாக, மண் ஏழ்மையானதாக இருக்க வேண்டும்; வேர் வழியே சத்து மலிவாகக் கிடைக்கும் இடத்தில் பூச்சி பிடிக்கும் கருவி தேவையற்ற ஆடம்பரமாகிவிடும்.

வெயில், ஈரம், ஏழ்மை ஆகிய மூன்றும் கூடிய இடம் அரிது. ஈரமுள்ள நிலம் பொதுவாக வளமானதாகவும், அதனால் புல்லும் புதரும் அடர்ந்து நிழல் மிகுந்ததாகவும் இருக்கும். வெயில் மிகுந்த ஏழை நிலம் பொதுவாக வறண்டிருக்கும். சேஷாசல மலையில் சில இடங்களில் இம்மூன்றும் ஒன்றுகூடுவதற்கு அதன் பாறை அமைப்பே காரணம்.

பாறையும் நீரும்

திருப்பதியிலிருந்து திருமலைக்குச் செல்லும் மலைப் பாதையில், பழைய கருங்கல் பாறையின் மீது குவார்ட்சைட் என்னும் படிகக்கல் அடுக்குகள் படிந்திருப்பதைக் காணலாம். இரண்டிற்கும் இடையே பல கோடி ஆண்டுகளின் இடைவெளி உள்ளது என்பதால், இவ்விடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. படிகக்கல் பெரும்பாலும் மணலின் கருப்பொருளான சிலிகாவால் ஆனது. அது சிதையும்போது கிடைப்பது வெறும் மணல். அதில் சுண்ணாம்பும் பாஸ்பரசும் மிகக் குறைவு. மழைநீர் எஞ்சிய சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது.

ஆனால் இப்பாறையில் வெடிப்புகள் மிகுதி. மழைநீர் அவ்வெடிப்புகளில் இறங்கித் தங்கி, கீழுள்ள இறுகிய அடுக்கில் தடைபட்டுப் பக்கவாட்டில் கசிகிறது. ஆகாச கங்கை, பாபவிநாசம், கபில தீர்த்தம் என்று பக்தர்கள் போற்றும் தீர்த்தங்கள் பல இம்மலைகளில் அமைந்திருப்பதும், தலக்கோனாவில் ஏறத்தாழ 270 அடி உயர அருவி வீழ்வதும் இப்பாறை அமைப்போடு தொடர்புடையவை. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெறும் இப்பகுதிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளும் உதவுகின்றன. எனவே மழை நின்ற பின்னரும் சில வாரங்களோ சில மாதங்களோ பாறைச் சரிவுகளில் நீர் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும்.

அக்கசிவின் வழியில், விரல் கனமே உள்ள மணற்படிவின் மீது டிரோசிரா வளர்கிறது. மரம் வேரூன்றுவதற்கு அங்கு மண் ஆழமில்லை, ஆகவே நிழலில்லை. புல் அடர்வதற்குச் சத்தில்லை, ஆகவே போட்டியில்லை. நீர் மட்டும் உண்டு. அதே ஈரத்தில், மண்ணுக்குள் நுண்ணிய பைகளைக் கொண்டு சிற்றுயிர்களை உறிஞ்சிப் பிடிக்கும் யூட்ரிகுலேரியா என்னும் மற்றொரு பூச்சியுண்ணும் செடியும் வளர்வதுண்டு. அதன் நீல, மஞ்சள் நிறச் சிறு பூக்கள் மட்டுமே கண்ணுக்குப் புலப்படும். பொறிகள் மண்ணில் மறைந்திருக்கும்.

கள ஆய்வாளருக்கு இச்செடி ஓர் அடையாளமாகவும் பயன்படும். டிரோசிரா நிற்கும் இடத்தில் நீர் நீண்ட நாள் கசிகிறது என்றும், அந்நீரில் உரமும் கழிவும் கலக்கவில்லை என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். ஆய்வுக்கூடக் கருவியின்றியே ஒரு நாணய அளவுச் செடி இவ்வளவு தகவல் தருவது சிறிய உதவியன்று.

பெயரும் மருந்தும்

தமிழ் மருத்துவ வழக்கில் அழுகண்ணி என்னும் பெயர் புகழ்பெற்றது. இலையில் நீர்த்துளி நிற்பதால் டிரோசிராவையே அழுகண்ணி என்பாருண்டு. உவர் நிலத்தில் வளரும் கிரெஸ்ஸா என்னும் முற்றிலும் வேறான செடியை அப்பெயரால் குறிப்போரும் உளர். ஒரே பெயரில் இரு செடிகள் வழங்குவதால், சந்தையில் பெயரை மட்டும் கேட்டு மூலிகை வாங்குவது பாதுகாப்பானதன்று.

டிரோசிரா இனங்களில் பிளம்பேஜின் போன்ற வேதிப் பொருள்கள் உள்ளன. ஐரோப்பாவில் இக்குடும்பத்தின் ஓரினம் இருமல் மருந்தாக நெடுங்காலம் பயன்பட்டது. ஆயின், வணிக நோக்கில் காட்டிலிருந்து இவற்றைச் சேகரிப்பது எவ்வகையிலும் சிக்கனமானதன்று. ஒரு கிலோ எடைக்கு எத்தனை ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்பதை அதன் அளவைக் கொண்டே ஊகிக்கலாம். விதை உதிர்வதற்கு முன் பறிக்கப்பட்டால் அடுத்த ஆண்டுக்கு அங்குச் செடியே இராது. பிளம்பேஜின் தேவையெனில், அதை மிகுதியாகக் கொண்ட கொடிவேலி என்னும் சித்திரமூலத்தைப் பயிரிட இயலும். டிரோசிராவையே வேண்டுவோர்க்குத் திசு வளர்ப்பு முறை உள்ளது. மலைச் சரிவைச் சுரண்ட வேண்டிய தேவை இல்லை.

வளம் விளைவிக்கும் கேடு

டிரோசிராவின் இவ்விரு இனங்களும் உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்பவை அல்ல. ஆசியாவின் பல பகுதிகளில் இவை காணப்படுகின்றன. மேகாலயத்தின் குடுவைச் செடியான நெபந்தஸ் காசியானாவுக்கும், திருமலைப் பகுதிக்கே உரிய சைகாஸ் பெட்டோமிக்கும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு உண்டு. செம்மரத்திற்குக் காவற்படையே உண்டு. டிரோசிராவுக்கு அத்தகைய தனிக் காப்பு ஏதுமில்லை. ஆனால் ஓரிடத்தில் அது மறைந்தால், அவ்விடத்தின் நீர்க் கசிவோ தூய்மையோ மாறிவிட்டது என்று பொருள். அந்த இழப்பு செடியோடு முடிவதில்லை.

இதன் பகைவர்களில் சில வெளிப்படையானவை: கல் உடைத்தல், பாதை அமைத்தல், மிதிபடுதல், குப்பை கொட்டுதல். வேறு சில நன்மையின் உருவில் வருபவை. சரிவின் மேற்புறத்திலுள்ள தோட்டத்திற்கு இடப்படும் உரம் கசிவு நீரில் கலந்தால், புல்லும் கோரையும் விரைந்து வளர்ந்து சிறு செடியை மூடிவிடும். குளிப்போர் பயன்படுத்தும் சோப்பும், உணவுக் கழிவும் அதே விளைவைத் தரும். ஈரமுள்ள வெற்றிடம் என்று கருதி மரக்கன்று நட்டால், சில ஆண்டுகளில் நிழல் படர்ந்துவிடும். ராயலசீமை போன்ற வறட்சிப் பகுதியில் நீரைத் தேக்குவது மிகவும் இன்றியமையாத பணி. எனினும் கசிவிடத்தின் மீதே வெட்டப்படும் வாய்க்கால், தான் சேமிக்க விரும்பும் நீரின் ஊற்றுக்கண்ணையே குலைத்துவிடக் கூடும்.

சுவீடன் நாட்டுச் சதுப்பு நிலங்களில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வொன்று இங்குக் கருதத்தக்கது. காற்று மாசினால் மழையில் நைட்ரஜன் மிகுந்த இடங்களில், அங்குள்ள டிரோசிரா தன் நைட்ரஜனில் மிகக் குறைந்த பங்கையே பூச்சிகளிடமிருந்து பெற்றது. தூய்மையான இடங்களில் அப்பங்கு பாதிக்கும் மேலாக இருந்தது. வேரில் சத்துக் கிடைத்தவுடன் செடி தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் அதே சத்தைப் பெறும் அண்டைச் செடிகள் அதைவிட வேகமாக வளர்ந்துவிடுவதால், நாளடைவில் போட்டியில் தோற்பது டிரோசிராவே.

செய்யத்தக்கவை

2010ஆம் ஆண்டில் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் சுமார் 4,756 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்டது. 1989இல் அமைந்த ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்காவும் இதனுள் அடங்கும். மலையின் உட்பகுதியிலுள்ள கசிவிடங்களுக்கு இவை ஓரளவு காப்பளிக்கின்றன. அடிவாரத்திலுள்ள சிறு பாறை நிலங்களின் நிலை வேறு. நாட்டின் ஈரநில வரைபடத்தில் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்தவை வெறும் புள்ளிகளாகவே குறிக்கப்பட்டன. சில சதுர மீட்டர் பரப்புள்ள கசிவிடம் புள்ளியாகக்கூட இடம்பெறுவது அரிது.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. முதலாவதாக, பாறை நிலங்களில் பணி தொடங்குமுன் மழைக்காலத்தின் இறுதியிலும் ஒருமுறை அவற்றைப் பார்வையிட வேண்டும். கோடையில் ஆய்வுக்குச் செல்லும் அலுவலரின் கண்ணுக்கு அங்குச் சரளையும் மணலும் மட்டுமே தெரியும். செடி அப்போது விதையாகக் கிடக்கும். அவர் எழுதும் குறிப்பு பொய்யன்று. ஆனால் பாதி ஆண்டின் உண்மை மட்டுமே அதில் உள்ளது.

இரண்டாவதாக, 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத் தன்மைச் சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்புகள் தோறும் மேலாண்மைக் குழுக்களும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளும் ஏற்பட வேண்டும். அப்பதிவேட்டில் பயிரும் மரமும் மூலிகையும் எழுதப்படுவது போலவே கசிவிடங்களையும் அவற்றின் செடிகளையும் எழுதலாம். ஆடு மேய்ப்போரும் விறகு சேகரிப்போரும் எங்கு எந்த மாதம் வரை ஈரம் நிற்கும் என்பதை நன்கறிவர். பள்ளி மாணவர்கள் மழைக்காலத்தில் கைக்கண்ணாடியுடன் சென்று பார்த்துக் குறித்து வரலாம். செடியைப் பிடுங்காமல், பாறையோரமாக நின்று பார்ப்பதே போதும்.

மூன்றாவதாக, இவ்வாறு குறிக்கப்பட்ட இடங்களில் வரப்பையோ வாய்க்காலையோ மரக்கன்றையோ சில மீட்டர் தள்ளி அமைத்தால் போதுமானது. பணியின் அளவும் குறையாது, கூலியும் குறையாது, நீரும் வீணாகாது.

நில மேம்பாடு என்பது எல்லா நிலத்தையும் ஒரே வகை வளத்திற்குக் கொண்டுவருவது என்று பொருள்படாது. ஒவ்வொரு நிலமும் எதைத் தாங்கி நிற்கிறது என்று அறிந்து, அதற்கேற்பச் செயற்படுவதே சிறந்த திட்டமாகும். சேஷாசல மலையடிவாரத்தில் ஒரு பாறைச் சரிவைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதுமுன், கார்த்திகை, மார்கழித் திங்களில் ஒருமுறை அங்குச் சென்று குனிந்து பார்ப்பது நலம். ஒரு நாணய அளவுச் செந்நிற இலைவட்டமும் அதன் மேல் வெண்பூவும் அங்குத் தென்படுமாயின், அந்நிலத்திற்கு வேறொரு பெயர் தேட வேண்டியிருக்கும்.